நானூற்று ஐம்பத்து நான்கு கிராம்

மார்ச் 3

அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் முதலில் தொடங்கினேன். அந்த ஒரு வரியிலேயே இரண்டு பொய் இருப்பதாகப் பட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு காகிதம் வேண்டும். இங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து ஹாப்ஸ், பீருக்குப் போடும் அதே கசப்புப் பூ, வரவழைத்து, பிரித்து, மறுபடி அடைத்து, பீர் ஆலைகளுக்கு அனுப்புகிற இடம். கசப்பு வேண்டாம் என்று ஓடி வந்தவன் கசப்பு மூட்டைக்கு நடுவிலேயே வந்து விழுந்திருக்கிறேன். தலையெழுத்தை யார் மாற்ற முடியும். சோதனைக் காலம் மூன்று மாதம். அது முடிவதற்குள், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு சான்று தர வேண்டுமாம். நம் பீர் ஆலை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். சேமிப்பறை ஆட்களுக்கு மாஸ்டர்தான் எழுதித் தர வேண்டும் என்று பதில் வந்தது. மாஸ்டர் நீங்கள். அதனால் இந்தக் கடிதம்.

போனில் கேட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் வாயைத் திறக்காமல் வைத்துவிடுவேன், அல்லது திறந்தால் மூட மாட்டேன். அக்கா மூலம் கேட்கவும் விருப்பமில்லை. ஜனவரிக்குப் பிறகு அவளும் நானும் பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

நான் ஆறு வருடம் அங்கே இருந்தேன். குளிர் அறையிலிருந்து வெள்ளி உறைகளை எடுத்து, பத்து எண்ணி, பிரித்து, வாளியில் கொட்டி, பீர் கொதிக்கும் கொப்பரைக்கு அனுப்புவேன். உங்கள் செய்முறைத் தாளில் "பத்துப் பாக்கெட்" என்று இருந்தது. பத்துப் பாக்கெட் போட்டேன். ஜனவரி பதினொன்றாம் தேதி காலை எட்டேகாலுக்கு நீங்கள் அத்தனை பேர் முன்னாலும் என் அலமாரியைத் திறக்கச் சொன்னீர்கள். பையைக் கவிழ்த்தீர்கள். அதிலிருந்து விழுந்த காலி உறையைத் தூக்கிக் காட்டினீர்கள். தரை ஈரத்தில் போன் நனையாமல் இருக்க அதில் போட்டு வைப்பேன் என்றேன். நீங்கள் கேட்டது இது: "மூணு வாளி நான் மறைவா எடை போட்டேன். மூணுலயும் கிட்டத்தட்ட அரைக் கிலோ குறையுது. அது எங்க போகுது?"

எனக்கு அன்றைக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. சான்றை மேலே உள்ள முகவரிக்கு அனுப்பினால் போதும்.

உங்கள் மச்சினன்

மார்ச் 15

தம்பிக்கு,

கடிதம் 9ஆம் தேதி வந்தது.

சான்று இத்துடன் இருக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை ஆகியவை உண்டு. நடத்தை பற்றிய வரி இல்லை. நல்லது என்று எழுதினால் இங்கே கேள்வி வரும். வேறு மாதிரி எழுத எனக்கு மனமில்லை. எனவே ஒன்றும் எழுதவில்லை. முத்திரை வைத்திருக்கிறேன்.

நீ விட்டுப்போன இரண்டு சட்டைகளை உன் அக்கா தனிப் பொட்டலமாக அனுப்புகிறாள். உள்ளே கடிதம் வைக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

சேமிப்பறைக்கு பாட்டில் பிரிவிலிருந்து ஒருவரை மாற்றியிருக்கிறோம். மெதுவான ஆள். குளிர் அறையின் மோட்டார் மாற்றப்பட்டுவிட்டது. இப்போது அந்த முனகல் சத்தம் இல்லை. கசப்பு மறுபடி 40க்கு வந்துவிட்டது. பீரில் கசப்பு போதவில்லை என்று மதுக்கடைக்காரர்களிடமிருந்து இப்போது புகார் இல்லை.

கடைசியாக எழுதிய இரண்டு வரிகளை நீ கேட்கவில்லை. எழுதியிருக்க வேண்டாம். பேனாவில் எழுதுவதால் அப்படியே விடுகிறேன்.

அத்தான்

மார்ச் 29

அத்தானுக்கு,

சான்று வந்தது. சட்டைகளும் வந்தன. அக்கா பொத்தான் எல்லாம் சரிபார்த்துத் தைத்து அனுப்பியிருக்கிறாள். கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வேண்டாம்.

சான்றைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. வேறு ஒரு விஷயம். இதை ஒரு தொழில் சந்தேகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் மேற்பார்வையாளர் ஒரு அம்மா. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் தராசம்மா என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். போன வாரம் ஒரு பெட்டியைப் பிரித்தேன். நாற்பது பாக்கெட் இருந்தது. இருபது கிலோ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஆறு வருடமாக எழுதிய கை, தானாக எழுதிவிட்டது. சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "எடை போட்டியா?" என்றார். பாக்கெட் அரைக் கிலோதானே என்றேன். "யாரு சொன்னது? லேபிள் ஒட்டினவன் என்ன உனக்கு மாமனா மச்சானா, அப்படியே நம்பறதுக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தராசில் வைத்தேன். பெட்டி இருபது கிலோ இல்லை. பதினெட்டு கிலோ சொச்சம்.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வியாபாரியின் பாக்கெட்டையும் பார்த்து வருகிறேன். ஒருவர் ஐந்நூறு கிராம் அடைக்கிறார். இன்னொருவர் பவுண்டு நாட்டுக்காரர். அவருடைய பாக்கெட் ஒரு பவுண்டு, அதாவது நானூற்று ஐம்பத்து நான்கு கிராம். மூன்றாமவர் உறையின் கனத்தையும் சேர்த்து ஐந்நூறு என்று போடுகிறார். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான சின்னப் பாக்கெட் இன்னும் வேடிக்கை. ஒருவருக்கு இருபத்தைந்து, ஒருவருக்கு இருபத்தெட்டு, ஒருவருக்கு முப்பது. மூன்றையும் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான் போலிருக்கிறது. எல்லாமே வெள்ளி உறை, எல்லாமே செங்கல் மாதிரி இறுகிப்போய் இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. அவரவர் உறையில் அவரவர் எடையை அச்சடித்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் இறக்குமதி செய்கிறவர் தன் சீட்டை அதன் மேலேயே ஒட்டிவிடுகிறார். அந்தச் சீட்டில் ரகமும் அறுவடை ஆண்டும் இருக்கும். எடை இருக்காது.

போன அக்டோபரில் நம் பழைய வியாபாரியிடம் சரக்கு தீர்ந்து, புது வியாபாரியிடம் மாறினோம். நவம்பரில் கசப்பு குறைகிறது என்று முதல் புகார் வந்தது. பத்துப் பாக்கெட்டுக்கு ஐந்து கிலோ என்பது பழைய வியாபாரியின் கணக்கு. புதியவர் பவுண்டுக்காரராக இருந்தால் பத்துப் பாக்கெட் நாலு கிலோ ஐந்நூற்று நாற்பது. நீங்கள் அன்று சொன்ன எண்கள் எனக்கு மனப்பாடம். முதல் வாளி 4.54. இரண்டாவது 4.54. மூன்றாவது 4.53. மூன்றும் ஒரே மாதிரி குறைவதுதான் சாட்சி என்றீர்கள். எந்தத் திருடன் அத்தான் ஒவ்வொரு தடவையும் தராசு வைத்துக்கொண்டு திருடுவான்?

கெஞ்சுவதற்காக எழுதவில்லை. குளிர் அறைக்குப் போய் ஒரு பாக்கெட்டை எடுத்து, சீட்டின் ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். கீழே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அவ்வளவுதான்.

மச்சினன்

ஏப்ரல் 20

அத்தானுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரைக் குறை சொல்லலாம் என்று பார்த்தேன். மின்கட்டணச் சீட்டை மட்டும் அவர் தவறாமல் கொண்டுவருகிறார்.

சோதனைக் காலம் முடியும் முன்பே என்னை வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். தராசம்மா உங்கள் சான்றை எடுத்துப் படித்தார். "நடத்தையைப் பத்தி ஒண்ணும் காணோமே" என்றார். எழுதியவர் மறந்திருப்பார் என்றேன். பிறகு கோப்பில் வைத்துவிட்டார். நான்தான் மறுநாள் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, போய் அந்த ஏழாம் நம்பர் பெட்டியைப் பாரு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

உங்களுக்குக் குளிர் அறைவரை போக நேரமில்லாமல் இருக்கலாம். அதனால் இத்துடன் ஒரு காலி உறை வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கும் அதே வியாபாரியுடையது. சீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். கீழ் ஓரத்தில், வலது பக்கம், சின்ன எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

மச்சினன்

மே 2

தம்பிக்கு,

உறையை அனுப்பியிருக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

ஜனவரி 20ஆம் தேதியிலிருந்து தெரியும். இந்த வரியை எழுத நான்கு தாள் ஆகியிருக்கிறது. இனி நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

நீ போன பிறகு புது ஆள் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை வாளியை நானே நிரப்பினேன். 20ஆம் தேதி காலை பத்துப் பாக்கெட்டை நானே எண்ணி, நானே பிரித்து, நானே கொட்டினேன். பக்கத்தில் யாரும் இல்லை. தராசில் வைத்தேன். 4.54. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாக இருந்தது. பிரிக்காத ஒரு பாக்கெட்டை எடுத்துச் சீட்டை உரித்தேன். ஒரு பவுண்டு என்று இருந்தது. விரல் மரத்துப்போகும்வரை குளிர் அறையிலேயே நின்றேன்.

உன் பையிலிருந்து எடுத்த உறை அப்போதும் என் மேசையில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். அதில் சீட்டு பாதி கிழிந்திருந்தது. எடை தெளிவாகத் தெரிந்தது. அன்று எல்லோர் முன்னாலும் அதைத்தான் தூக்கிப் பிடித்தேன். படிக்கவில்லை.

பிறகு இழுப்பறையைத் திறந்து புது வியாபாரியின் விலைப்பட்டியலை எடுத்தேன். மூன்றாவது வரியில் பாக்கெட்டின் எடை இருந்தது. கீழே என் கையெழுத்து இருந்தது. கொள்முதல் பெண் பழைய பொருள் எண்ணிலேயே பதிவு செய்திருந்தாள். ஆனால் அவளுக்கு அந்தத் தாளைக் கொடுத்தது நான். "பழையதுதான், வியாபாரி மட்டும் வேறு" என்று சொன்னதும் நான்.

அன்று பகல் செய்முறைத் தாளை மாற்றினேன். "பத்துப் பாக்கெட்" என்பதை அடித்துவிட்டு "ஐந்து கிலோ" என்று எழுதினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கொதியில் கசப்பு 40. கொப்பரைக்காரர், எப்போதும் முனகிப் பாடிக்கொண்டே இருப்பாரே, நீங்களெல்லாம் ராகம் என்று கூப்பிடுவீர்களே, அவர் என்னிடம் வந்து, "பாத்தீங்களா மாஸ்டர், களையைப் பிடுங்கினதும் பயிர் நிமிர்ந்துடுச்சு" என்றார். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டினேன் என்றுதான் நினைவு. முதலாளி வந்து கைகுலுக்கினார். கைகுலுக்கினேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அந்த வாரக் கடைசியில் என்று நினைத்தேன். ஒரு நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம். எட்டு நாளுக்கும் கேட்கலாம். நூறு நாளுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன் மார்ச் 29ஆம் தேதிக் கடிதம் வந்தபோது நீயாகவே கண்டுபிடித்துவிட்டாய் என்று பார்த்தேன். அப்போதாவது எழுதியிருக்க வேண்டும்.

நடத்தை மிக நன்று என்று எழுதிய புதுச் சான்று இத்துடன் இருக்கிறது. தேதி மார்ச் 15 என்றே போட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் அக்காவிடம் இப்போது சொல்லாதே. நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தெரிந்தும் பேசாமல் இருந்ததைப் பொறுக்க மாட்டாள். பதினான்கு வருடமாக அவளை எனக்குத் தெரியும். கொஞ்சம் அவகாசம் கொடு.

அத்தான்

மே 9

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, மார்ச் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "கசப்பு மறுபடி 40க்கு வந்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வரி வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னையே சந்தேகப்பட்டேன். நான் போனதும் கசப்பு சரியாகிவிட்டது என்றால், நான் எங்கோ தவறு செய்திருக்கிறேன் என்றுதானே ஆகிறது. ஒருவேளை ஒன்பது எண்ணிவிட்டுப் பத்து என்று நினைத்துக்கொண்டேனா, என் கைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று, இங்கே அந்தப் பெட்டியைத் தராசில் வைத்த நாள்வரை யோசித்தேன். இங்கே பெட்டிகளை எண்ணும்போது வாய்விட்டு எண்ணினேன். கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் என்னைத் திருடன் என்றபோதுகூட நான் திருடவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வரிக்குப் பிறகு அதுவும் போய்விட்டது. நீங்கள் அதை எழுதும்போது உங்களுக்கு எல்லாம் தெரியும்.

என் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்டோபர் முதல் வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் "இருபது கிலோ, சரி" என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தராசு மூன்றடி தள்ளி இருந்தது. ஒரு பெட்டியையாவது தூக்கி வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நீங்கள் விலைப்பட்டியலைப் படிக்கவில்லை, அந்தப் பெண் பொருள் எண்ணை மாற்றவில்லை, நான் எடை போடவில்லை. அதுவரை மூன்று பேரும் ஒரே ஜாதி. ஜனவரி இருபதுக்குப் பிறகு நீங்கள் தனி.

அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன். இது உங்களுக்குச் செய்யும் உதவி என்று நினைக்காதீர்கள். ஜனவரி பதினொன்று மாலை அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "எடுத்தியாடா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அன்று சொல்லாத பதிலை இன்று உங்கள் கடிதத்தைக் காட்டிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

புதுச் சான்றைத் திருப்பி அனுப்புகிறேன். பழைய தேதி போட்டு எழுதிய தாளில் நடத்தை நன்று என்று இருப்பது பார்க்க நன்றாக இல்லை.

மச்சினன்

மே 26

தம்பிக்கு,

நடந்ததைத் தெரிவிக்கிறேன்.

இந்த மாதம் 20ஆம் தேதி காலை எட்டேகாலுக்கு எல்லோரையும் கொப்பரைப் பக்கம் வரச் சொன்னேன். ஜனவரி 11 அன்று இருந்தவர்களில் ஒருவர் மட்டும் விடுப்பு. தராசைக் கொண்டுவரச் சொல்லி, பழைய வியாபாரியின் பாக்கெட் ஒன்றையும் புதியவரின் பாக்கெட் ஒன்றையும் வைத்துக் காட்டினேன். விலைப்பட்டியலைக் கையில் கொடுத்துச் சுற்றுக்கு விட்டேன். என் கையெழுத்தைப் பார்க்கச் சொன்னேன். எந்தத் தேதியில் எனக்குத் தெரிந்தது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும் எண்ணம் முதலில் இல்லை. சொல்ல ஆரம்பித்த பிறகு அதை மட்டும் விட முடியவில்லை.

கொள்முதல் பெண் அழுதாள். அவள் மேல் பழி வரும் என்று பயந்துவிட்டாள். இல்லை என்று சொன்னேன். ராகம் விலைப்பட்டியலை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாளாக அவர் பாடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, களை என்று சொன்னது தான்தான் என்றும், அதை உனக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னார். முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, "இதை என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே மாஸ்டர், எல்லார் முன்னாடியும் எதுக்கு?" என்றார். "அவனை எல்லார் முன்னாடிதான சொன்னேன்" என்றேன். என் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை. ஆண்டுக் கடைசியில் என்ன ஆகும் என்று தெரியாது.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். எந்தத் தேதி என்று மட்டும் மறுபடி கேட்டாள். ஜனவரி 20 என்றேன். மடித்த துணியில் என்னுடையதை ஒரு பக்கமும் அவளுடையதை ஒரு பக்கமும் பிரித்து வைத்தாள். 22ஆம் தேதி காலைப் பேருந்தில் போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உன் எண்ணுக்கு அழைத்தபோது அவள்தான் எடுத்தாள். "இருக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

சேமிப்பறை ஆள் பாட்டில் பிரிவுக்கே திரும்பப் போக விரும்புகிறார். முதலாளியிடம் பேசிவிட்டேன். நீ எப்போது வந்தாலும் அந்த இடம் உனக்கு. விட்டுப்போன மாதங்களையும் பணிக்காலத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். இத்துடன் புதுச் சான்று ஒன்று வைத்திருக்கிறேன். இன்றைய தேதி போட்டிருக்கிறேன். நடத்தை பற்றி ஒரு வரியும், ஜனவரியில் நடந்தது என் தவறு என்று ஒரு வரியும் உண்டு. வேண்டாம் என்றால் மறுபடி திருப்பி அனுப்பு.

அவள் சாப்பிடுகிறாளா என்று எழுது.

மன்னிப்பை மே 2ஆம் தேதிக் கடிதத்தில் எப்படிக் கேட்பது என்று எழுதினேனே தவிர, கேட்கவில்லை. திரும்பப் படித்தபோது தெரிந்தது. இப்போது கேட்கிறேன்.

அத்தான்

ஜூன் 3

அத்தானுக்கு,

அக்கா சாப்பிடுகிறாள். எனக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். என் ஒற்றை அறையைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவிவிட்டாள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறாள். நான் கதவுப் பக்கம் பாய் போட்டுப் படுக்கிறேன். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி வெளியே போடச் சொல்கிறாள். "அங்கயும் இதே வாடை, இங்கயும் இதே வாடை, எனக்கு எங்க போனாலும் விடிவில்லை" என்கிறாள்.

அவள் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். கிடங்கு வாசலில் ஒரு பெண் நிற்கிறாள், உன்னைக் கேட்கிறாள் என்று காவலாளி வந்து சொன்னார். போனேன். பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். லாரிகள் போய்வரும் இடம், ஒதுங்கி நிற்கக்கூட நிழல் இல்லை. உங்களிடமிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எடுத்தியான்னு கேட்டேனேடா" என்றாள்.

"கேட்டே."

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

உடனே ஆமாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு லாரி உள்ளே வந்து, திரும்பி, பின்பக்கமாக நிறுத்தி முடிக்கும்வரை யோசித்தாள்.

"தெரியலைடா" என்றாள்.

அத்தான், ஐந்து மாதமாக நான் மனதுக்குள் இந்த உரையாடலை நூறு தடவை நடத்திப் பார்த்திருக்கிறேன். அவள் அழுவாள், நம்பியிருப்பேன் என்பாள், நான் வீம்பாக ஏதாவது சொல்வேன். இந்தப் பதில் அதில் ஒரு தடவைகூட வரவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனேன். தராசம்மா தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து அவளுக்கு வைத்தார். இருவரும் இப்போது எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

உங்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகத்தான் இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். நீங்கள் தப்புச் செய்ததற்குக்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லையாம். "பேப்பர் படிக்கிற மாதிரி சொன்னாருடா. தேதி, மணி எல்லாம் கரெக்டா. நான் யாருன்னு நெனச்சு சொன்னாருன்னு தெரியலை" என்றாள். நீங்கள் எனக்கும் அப்படித்தான் எழுதுகிறீர்கள் என்றேன். உங்கள் கடிதங்களை எல்லாம் கேட்டு வாங்கிப் படித்தாள். கடைசிக் கடிதத்தில், அவள் சாப்பிடுகிறாளா என்று தனியாக ஒரு வரி இருக்கிறதே, அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் துணி காயப்போட்டாள். அன்றைக்குக் காயப்போடத் துணியே இல்லை. காய்ந்ததையே எடுத்து மறுபடி உதறிப் போட்டாள்.

இனி வேலை விஷயம். நான் திரும்பி வரவில்லை. வீம்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வீம்பு எல்லாம் ஏப்ரலோடு தீர்ந்துவிட்டது. நான் வந்தால் எல்லோரும் என்னிடம் நன்றாக நடந்துகொள்வார்கள். ராகம் தன் டீயில் பாதி கொடுப்பார். நான் வாளியைத் தூக்கும் முன்னால் யாராவது வந்து தூக்குவார்கள். நான் பத்து என்று சொன்னால் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். எண்ணினால் என் மனம் புண்படும் என்று பயப்படுவார்கள். நீங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயப்படுவீர்கள். அப்படி ஒரு இடத்தில் சேமிப்பறைக்காரனாக ஒருவன் இருக்கக் கூடாது. இங்கே நான் எடை போட்டதைத் தராசம்மா மறுபடி எடை போடுகிறார். அவர் போட்டதை நான் போட்டுப் பார்க்கிறேன். போன வாரம் அவர் கணக்கில் முப்பது கிராம் தவறைக் கண்டுபிடித்தேன். "ம்" என்று சொல்லித் திருத்திக்கொண்டார். யாருக்கும் கோபமில்லை. எனக்கு இந்த இடம் பழகிவிட்டது.

முதலாளிக்கு நன்றி சொல்லுங்கள். ராகத்தின் கடிதம் வந்தது. எழுத்துப் பிழை ஏராளம். ஆனால் இரண்டு பக்கம். பதில் போடுகிறேன். கொள்முதல் பெண்ணிடம், இனி புதுப் பெட்டி வந்தால் முதல் பாக்கெட்டின் சீட்டைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். புதுச் சான்றை இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை, வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் ஒரு வாரம் விடுமுறை கேட்டிருக்கிறேன். வந்தால் உங்கள் வீட்டில்தான் தங்குவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா பின்னால் வந்து நின்று படித்தாள். அவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன். நீ மன்னித்துவிட்டாயா என்று நானும் கேட்டேன். அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று போய்விட்டாள். அடுப்பு அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

நேற்று அவளாகப் போய் டிக்கெட் எடுத்து வந்தாள். நான் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்குப் பேருந்து அங்கே வந்து சேரும். இந்தக் கடிதம் அதற்குள் உங்களுக்குக் கிடைத்துவிடும். நிலையத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மச்சினன்